மைக் அக்காவுக்குக் குரல் போன வருஷம்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். பத்தொன்பது வருஷம் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது எத்தனை நிமிஷம் தாமதம் என்று ஊருக்குச் சொன்னவள். அவள் முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரலைத் தெரியாதவர்கள் அதைவிடக் கொஞ்சம். காய்கறிக் கடையில் "அரைக் கிலோ போடுங்க" என்று வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் நிற்கிறவர் திரும்பிப் பார்த்து, "நீங்க அந்த பஸ் ஸ்டாண்டு..." என்று இழுப்பார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஆள் பார்க்க அப்படியொன்றும் எடுப்பாக இருக்க மாட்டாள். குட்டை. முன்பல் கொஞ்சம் தூக்கல். கண்ணாடியில் பார்த்து அவள் ஒருநாளும் சந்தோஷப்பட்டதில்லை. குரல்தான் அவளுக்கு முகமாக இருந்தது.

நாற்பத்து நாலாவது வயதில் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. தைராய்டு என்றார்கள், எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்தும்விட்டார்கள். மயக்கம் தெளிந்து, தண்ணீர் வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்தாள். காற்று வந்தது. மறுபடி திறந்தாள். மறுபடியும் காற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர், "அவசரப்படாத, வந்துரும்" என்றார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளைச் சமாளித்துச் சமாளித்துப் பொய்யைக்கூட நிதானமாகச் சொல்லப் பழகியவர். ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஊற்றிய தண்ணீரை அவரே குடித்துவிட்டார்.

"குரல் நாண் ரெண்டுல ஒண்ணு அசையல. நரம்பு அடிபட்டிருக்கு. ஆறு மாசத்துல தானா சரியாகலாம். ஆகாமலும் போகலாம்" என்றார் டாக்டர், பேனா மூடியைத் திருகிக்கொண்டே.

வந்தது என்னவோ பாதி காற்றும் பாதி கரகரப்புமாக ஒன்று. துருப்பிடித்த கதவை யாரோ தயங்கித் தயங்கித் திறக்கிற மாதிரி. அவள் வேலைக்குத் திரும்பியபோது கண்ணாடி அறையில் ஒரு பெட்டி உட்கார்ந்திருந்தது. யாரோ ஒருத்தி எங்கேயோ பேசிப் பதிந்து கொடுத்த குரல் அதிலிருந்து வந்துகொண்டிருந்தது. மேலாளர் மேசையைப் பார்த்துக்கொண்டு, "தவறிய பொருள் அறையில ஆள் இல்ல. நீங்க கொஞ்ச நாள் அங்க இருங்களேன்" என்றார். ஒற்றைச் செருப்பு, சாப்பாட்டு டப்பா, கண்ணாடிக் கூடுகள், ஒரு செட் பல். பல்லைத் தொலைத்தவன் எப்படி ஒன்றும் தெரியாமல் பஸ் ஏறிப் போனான் என்று முன்பு என்றால் வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பாள்.

இப்போது வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டாள். சட்டைப்பை அளவு குறிப்புப் புத்தகம் ஒன்று வாங்கி, வேண்டியதை எழுதிக் காட்டினாள். கழுத்துத் தழும்பு தெரியாமல் ஆரஞ்சு நிறத் துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டாள். போனை அலமாரியில் வைத்தாள், அதோடு சரி. சண்டையைக்கூட எழுதித்தான் போட வேண்டியிருந்தது. எழுதி முடிப்பதற்குள் கணவர் சமாதானமாகிவிடுவார், அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

மகளுக்குப் பதினாறு வயது. முதல் ஒரு மாதம் அவளும் பொறுத்துக்கொண்டாள். அம்மாவுக்குப் பதிலாகக் கடையில் பேசினாள், பக்கத்து வீட்டில் பேசினாள், சொந்தக்காரர்களின் போனுக்குப் பதில் சொன்னாள். பிறகு அவளும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டாள். மூன்று பேர் இருக்கிற வீட்டில் குக்கர் மட்டும் சத்தம் போட்டது.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் நல்ல மாதிரி. "ஆள் இல்லாத இடமா பாத்துப் போங்க அக்கா. வயித்துல காத்தை நிரப்பி, வாயை மூடிக்கிட்டு 'ம்ம்'னு இழுங்க. காலையில அரை மணி நேரம்" என்றாள்.

ஆள் இல்லாத இடம் என்றால் அந்த ஊரில் ஆற்று முகம்தான். வீட்டிலிருந்து கால் மணி நேர நடை. ஆறு கடலில் சேருகிற இடத்தில் நீளமாக ஒரு கல்கட்டுக் கரை. கரைக்குக் கீழே, கடல் தண்ணீர் வற்றும்போது, பெரிய சேற்றுவெளி திறந்துகொள்ளும். அதைத் தாண்டி ஓர் ஓடை. ஓடைக்கு அப்பால் வெள்ளை மணல்திட்டு. தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஓடையில் கணுக்கால் அளவுதான் இருக்கும். தண்ணீர் ஏறும்போது முதலில் நிரம்புவதும் அந்த ஓடைதான். திட்டு அப்போதும் காய்ந்து, ஒன்றும் ஆகாத மாதிரிக் கிடக்கும். அரை மணி கழித்து அதுவும் காணாமல் போய்விடும்.

அவள் அங்கே நின்று 'ம்ம்' என்று இழுத்தாள். முதல் வாரம் அழுகைதான் வந்தது. இரண்டாவது வாரம், சரி, நின்றதற்குப் பறவைகளையாவது பார்ப்போம் என்று பார்த்தாள். சேற்றைத் தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே போகிற குட்டிப் பறவைகள், நூற்றுக்கணக்கில். கையைப் பின்னால் கட்டிக்கொண்ட பரீட்சை ஹால் வாத்தியார் மாதிரி ஒரு நாரை. சிவப்புக் குச்சிக் கால்களோடு நெட்டைக்காலன்கள். தண்ணீர் ஏறும்போது இந்த நெட்டைக்காலன்கள் எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் கிளம்பும். ஓடையில் ஓரிடத்தில், கிழிந்த வலை சுற்றிய ஒரு கம்பத்துக்கு நேராக, அவை வரிசையாக நின்றுகொண்டே இருக்கும். அங்கே தரை மேடு. இதெல்லாம் அவள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பார்த்ததல்ல. மூன்று மாதம் நின்றால் கண்ணில் படுகிறதுதானே.

இன்னொன்றும் கண்ணில் பட்டது, இல்லை, காதில் பட்டது. அழகாகக் கூவுகிற பறவை ஒன்றுகூட அங்கே இல்லை. கீச்சு, கரகரப்பு, தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம். எல்லாம் கூச்சமே இல்லாமல் கத்திக்கொண்டிருந்தன. அவளும் இழுத்துப் பார்த்தாள். தம் கட்டி உரக்க முயன்றால் வெறும் காற்று. பழைய குரலை விட்டுவிட்டு, இருப்பதையே தாழ்த்தி, அடிவயிற்றிலிருந்து விட்டால் ஓர் ஒலி நின்றது. சொரசொரப்பான, ஆம்பளைத்தனமான ஒலி. அவளுக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் அதைக் காட்டவும் இல்லை.

சண்டை ஒரு சனிக்கிழமை மாலை வந்தது. பள்ளியில் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். கணவருக்கு வேன் சவாரி. 'அப்பா அடுத்த வாரம் வருவார்' என்று அவள் எழுதிக் காட்டினாள்.

மகள் அந்தத் தாளைப் படிக்கக்கூட இல்லை. "நீ வாம்மா."

அவள் தலையை ஆட்டினாள்.

"பேச முடியலைன்னு சொல்லாத. டாக்டர் பேசலாம்னுதானே சொன்னாங்க? உனக்குத் தொண்டையில ஒண்ணும் இல்ல. வெக்கம்! உன் குரலைக் கேட்டா நாங்க என்ன ஓடியா போயிடுவோம்?" மகளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "டெய்லி காலையில அங்க போய் நிக்கிறியே, அந்தப் பறவைங்களுக்குக் காட்டுற குரலை எனக்குக் காட்ட மாட்டியா?"

அவள் பேனாவை எடுத்தாள். மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். எழுதி யாரிடம் காட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கொஞ்சம் தாமதமாக எழுந்தாள். மகள் அறையில் இல்லை, வாசலில் செருப்பும் இல்லை. கணவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். கோபத்தில் தோழி வீட்டுக்குப் போயிருப்பாள் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் கால் ஆற்று முகத்தின் பக்கம்தான் வேகமாகப் போனது.

கரைப் படிக்கட்டில் மகளின் செருப்பு இருந்தது. ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தாள். மணல்திட்டின் மறு ஓரத்தில், கடலைப் பார்த்தபடி, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓர் உருவம். நீலச் சட்டை. காதில் வெள்ளையாக ஏதோ. அவள்தான். இந்தப் பக்கம் முதுகு.

அவள் பார்வை தானாக ஓடைக்கு இறங்கியது. ஓடை நிரம்பத் தொடங்கியிருந்தது. அலையும் இல்லை, நுரையும் இல்லை. தண்ணீர் பூனை மாதிரி பக்கவாட்டில் நுழைந்து, சேற்றின் குழிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. மகள் போனபோது கணுக்கால் நனைந்திருக்கும். இப்போது முழங்காலுக்கு மேல். இன்னும் கால் மணி நேரத்தில் ஆள் மட்டம். மகளுக்கு நீச்சல் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

வாயைத் திறந்து மகளைக் கூப்பிட்டாள். காற்று வந்தது. மறுபடி, கழுத்து நரம்பு புடைக்க, தழும்பு வலிக்கக் கூப்பிட்டாள். ஒன்றும் இல்லை. ஊருக்கே குரல் கொடுத்தவள், பெற்ற பிள்ளையை இருநூறு கெஜத்தில் வைத்துக்கொண்டு கூப்பிட முடியாமல் நின்றாள். கை தட்டினாள். கடல்காற்று முகத்தில் அடித்து அதைப் பின்னால் கொண்டுபோனது. போன் அலமாரியில் கிடந்தது, அவள் கையாலேயே வைத்தது. கரை முழுக்க ஒரு ஆள் இல்லை. படகுக் கொட்டகைக்கு ஓடி ஆளைக் கூட்டிவர இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷம் அவளிடம் இல்லை.

அப்போது தையல் மெஷின் பறவைகள் கண்ணில் பட்டன. சேற்றுவெளியின் விளிம்பில், அவளுக்கும் மகளுக்கும் நேர் நடுவில், தண்ணீர் துரத்தியதால் ஒரே இடத்தில் ஒண்டிக்கொண்டு, ஆயிரமாவது இருக்கும்.

யோசிக்க நேரமில்லை. படிக்கட்டில் இறங்கிச் சேற்றில் பாய்ந்தாள். முதல் அடியிலேயே கால் முழங்கால்வரை போனது. பிடுங்கி எடுத்தாள். கழுத்துத் துணியை அவிழ்த்துத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு, விழுந்து எழுந்து, பறவைகளை நோக்கி ஓடினாள். மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

பறவைகள் எழுந்தன. ஒன்று எழுந்ததும் மொத்தமும் எழுந்தது. துணிக்கடையில் ஒரே நேரத்தில் நூறு புடவையை உதறினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். கூட்டமாக ஒரு வட்டம் அடித்து, சாய்ந்து, திட்டின் மேலாகக் கடலுக்குப் போயின. அவற்றின் நிழல் மகள்மேல் ஓடியது. மகள் அண்ணாந்தாள். பறவைகள் எங்கிருந்து வந்தன என்று திரும்பினாள்.

அம்மாவைப் பார்த்தாள். சேற்றில் நின்று துணி ஆட்டுகிற அம்மாவைப் பார்த்து, சிரித்துக்கொண்டு கையை ஆட்டினாள்.

"ஐயோ" என்றாள் அவள், சத்தமே வராமல். ஓடையைக் காட்டினாள். இரண்டு கையாலும் காட்டினாள். மகளின் கை ஆட்டுவது மெல்ல நின்றது. ஓடையைப் பார்த்தாள். எழுந்தாள். எழுந்தவள் காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கிக்கொண்டு நேராக அம்மாவை நோக்கியே ஓடி வந்தாள்.

அது ஓடையின் ஆழமான பகுதி. அவள் தலைக்குமேல் கைகளைக் குறுக்கே வெட்டிக் காட்டினாள்: வேண்டாம், வேண்டாம். பிறகு துணியால் வலை சுற்றிய கம்பத்தின் பக்கம் வீசிக் காட்டினாள். அங்கே நெட்டைக்காலன்கள் ஏழெட்டு இன்னும் நின்றுகொண்டிருந்தன, தண்ணீர் வயிற்றைத் தொட. மகளுக்குப் புரியவில்லை. ஒரு காலைத் தண்ணீரில் வைத்தாள். அவள் மறுபடி வெட்டிக் காட்டினாள். தானே கம்பத்தின் பக்கம் ஓடத் தொடங்கினாள், ஓடிக்கொண்டே திரும்பித் திரும்பி அழைத்தாள். மகள் காலைப் பின்னுக்கு எடுத்தாள். திட்டின் ஓரமாகவே, அம்மாவுக்கு இணையாக, அவளும் ஓடி வந்தாள்.

கம்பத்துக்கு நேரே வந்து சேர்வதற்குள் தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது, நெட்டைக்காலன்களும் பறந்துவிட்டன. மகள் இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. பாதி ஓடையில் இழுப்பு அவள் காலைத் தடுமாற வைத்தது. மகள் நின்றுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, கையைப் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, "என்னால முடியலம்மா!" என்று கத்தினாள்.

அவளும் இந்தப் பக்கமிருந்து இறங்கினாள். கையிலிருந்த துணி எப்போது நழுவியது என்று தெரியவில்லை. பத்து அடி தூரம் இருக்கும். "வா" என்று கத்தப் பார்த்தாள். காற்று.

"கேக்கலம்மா! ஒண்ணும் கேக்கல!"

நின்றாள். உதடு உப்புக் கரித்தது. வயிற்றில் காற்றை நிரப்பினாள். கத்த முயலவில்லை. கரையில் தனியாக நின்று பழகிய அந்தச் சொரசொரப்பான ஒலியைத் தாழ்த்தி, அவசரமே இல்லாத மாதிரி, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து வைத்தாள்.

"கண்ணைத் திற. என்னைப் பாரு. வலது கால். ஒரு அடி."

மகள் கண்ணைத் திறந்தாள்.

"மணல்தான். தேய்ச்சுக்கிட்டே வா. தூக்காத. இடது கால். ஒரு அடி."

மகள் ஓர் அடி வைத்தாள். தண்ணீர் மார்புக்கு வந்தது. அவள் குரல் மாறவில்லை. உள்ளே எல்லாம் நொறுங்கிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் அப்படியே நின்றது. வலது கால், ஒரு அடி. இடது கால், ஒரு அடி. ஏழாவது அடியில் விரல்கள் தொட்டன. பிடித்த பிடியில் மகளின் மணிக்கட்டு நாலு நாள் கன்றிப் போயிருந்தது.

கரைப் படியில் இரண்டு பேரும் விழுந்து கிடந்தார்கள். மகளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அவளுக்கு அதைவிட. ஓடை இருந்த இடம் தெரியவில்லை. திட்டும் ஒரு வெள்ளைக் கோடாகிக்கொண்டிருந்தது.

"எதுக்கு அங்க போன?" என்று அவள் கேட்டாள்.

"நீ எதைப் பாக்க டெய்லி இங்க வர்றேன்னு பாக்கணும்னு..." மகள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு அம்மாவின் கழுத்தைப் பார்த்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு மகள் அந்தத் தழும்பைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "அம்மா, உன் குரல்..."

"எப்படி இருக்கு?"

"கேவலமா இருக்கு" என்றாள் மகள். "ஆனா கேட்டுச்சும்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பும் அந்தத் துருப்பிடித்த கதவு மாதிரிதான் வந்தது. சிரித்து, இருமி, கடைசியில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

வெயில் முதுகில் ஏறியது. விரட்டியடித்த பறவைகள் கரையின் வேறொரு மூலையில் இறங்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி இறகு கோதிக்கொண்டிருந்தன. அவள் அவற்றையே பார்த்தாள். கால்கள் சேற்றில் ஓடின. கைகள் பிடித்தன. நுரையீரல் காற்றைக் கொடுத்தது. அசையாத ஒரு நாணோடு அசைகிற ஒரு நாண் ஒட்டி நின்று ஏதோ ஒரு சத்தத்தைப் போட்டது. இத்தனை மாதமும் போனதை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, இருப்பது இவ்வளவா என்று மூச்சு முட்டியது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல், பறவைகள் பக்கம் திரும்பி, "ரொம்ப நன்றி" என்றாள், வாய்விட்டு.

வீட்டுக்குப் போய் நடந்ததைக் கணவரிடம் அவளே சொன்னாள். எழுதிக் காட்டவில்லை. அவர் நின்றபடி கேட்டார், பிறகு உட்கார்ந்து கேட்டார். மகளைத் திட்டினார், அவளைத் திட்டினார், போனை அலமாரியில் வைத்ததற்குத் தனியாகத் திட்டினார். எல்லாம் முடிந்து, "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

"எதை? பொண்ணு முழுகப் பாத்ததையா?"

"எதையாவது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அடுத்த வாரம் அவள் மகளின் பள்ளிக்குப் போனாள். ஆசிரியை முன்னால் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். முதல் இரண்டு நிமிஷம் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பிறகு மகளின் கணக்கு மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது, கூச்சத்துக்கு நேரமில்லாமல் போனது.

ஆறு மாதம் கழித்தும் நாண் அசையவில்லை. டாக்டர் ஓர் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். "பழைய குரல் வராது. கொஞ்சம் கனமா வரும், அவ்வளவுதான்" என்றார். "அவ்வளவு போதும்" என்றாள் அவள். கொஞ்சம் கனமாகத்தான் வந்தது. எல்லாம் தேறிவிட்டது என்று சொல்ல முடியாது. பெட்டியிலிருந்து வருகிற அந்தப் பதிவுக் குரலை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அது ஊர்ப்பெயர்களை இழுக்கக் கூடாத இடத்தில் இழுக்கிறது. சில நாள் அதைக் கேட்டுக்கொண்டே டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் மருந்துப் பையைத் தொலைத்துவிட்டு ஒரு பெரியவர் பதறிக்கொண்டு அவள் ஜன்னலுக்கு வந்தார். பையின் நிறம் என்ன, எந்த வண்டி என்று அவள் கேட்டாள். அவர் அவளை இரக்கத்தோடு பார்த்து, "என்னம்மா, ரொம்ப சளி பிடிச்சிருக்கா?" என்றார்.

"இல்லீங்கய்யா. என் குரலே இதுதான்" என்றாள் அவள். பையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அவர் உள்ளே இருந்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்து, அங்கேயே ஒன்றைத் தண்ணீரில்லாமல் விழுங்கினார்.

வெயில் காலம் தொடங்கியதும் பறவைகள் ஒவ்வொரு கூட்டமாகக் கிளம்பிப் போயின. ஒருநாள் காலை அவள் போனபோது சேற்றுவெளி வெறிச்சென்று கிடந்தது. நண்டுகள் மட்டும் வளைக்கு வெளியே வந்து, அவள் நிழல் பட்டதும் உள்ளே ஓடின. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. திரும்பிப் போகலாமா என்று நினைத்தாள். பிறகு வயிற்றில் காற்றை நிரப்பிக்கொண்டு, எப்போதும்போல 'ம்ம்' என்று இழுக்க ஆரம்பித்தாள்.